ஒரே மாடலில் இரண்டாவது கைத்துப்பாக்கி: திரும்ப வாங்கியவர்களின் அனுபவம்

டல்லாஸ்காரன் எழுதியது:

துப்பாக்கி வைத்திருக்கும் நம்மவர்கள் இங்கே சந்தித்தால், எத்தனை மாடல் இருக்கிறது என்றுதான் பேச்சு தொடங்குகிறது. எனக்கு வேறொரு கேள்வியில்தான் ஆர்வம். கையில் இருப்பதில் எதை மறுபடியும் காசு கொடுத்து, அதே மாடலாக, இரண்டாவது வாங்குவீர்கள்? புதிய மாடலை ஆசைக்கு வாங்கிவிடலாம். ஏற்கெனவே இருப்பதையே திரும்ப வாங்குகிறவர் அதை நிறையச் சுட்டு, கழற்றித் துடைத்து, இடுப்பில் சுமந்து பார்த்த பிறகுதான் வாங்குகிறார். அவர் பேச்சை நான் நம்புவேன்.

நான் அப்படி வாங்கியதில் முதலிடம் கிளாக் 19-க்கு. ஆஸ்திரிய ராணுவத்துக்காக 1980களின் தொடக்கத்தில் வந்த கிளாக் 17-ஐக் கொஞ்சம் குறுக்கி, 1988-இல் கொண்டுவந்த மாடல். 9 மி.மீ. தோட்டா, மேகசினில் (தோட்டாக்களை அடுக்கும் கூட்டில்) 15 ரவுண்டு, சுமார் 4 அங்குல பேரல் (குழல்). அழகான துப்பாக்கி என்று சொல்லமாட்டேன். ஆனால் என் உள்ளங்கைக்குச் சரியாக உட்காருகிறது, சாதாரணச் சட்டைக்குள் மறைகிறது, 17-இன் நீள மேகசினும் இதில் ஏறுகிறது.

இரண்டில் ஒன்று ரேஞ்சுக்கு (சுட்டுப் பழகும் இடத்துக்கு), ஒன்று இடுப்புக்கு. ரேஞ்சுக்குப் போவது நிறையச் சுடுகிறது. அதில் கரி படியும், ஸ்பிரிங் தளரும், வேறு சைட் (குறி பார்க்கும் பாகம்) போட்டுப் பார்க்கத் தோன்றும். இடுப்பில் இருப்பதை, தடையில்லாமல் ஓடுகிறது என்று நிச்சயமாகும்வரை சுட்டுப் பார்த்தேன். அப்புறம் அதில் கை வைப்பதில்லை, துடைத்து எண்ணெய் போடுவதோடு சரி. ட்ரிக்கர் எந்த இடத்தில் இறுகுகிறது, எந்த இடத்தில் விடுகிறது என்பது இரண்டிலும் ஒன்றுதான். ரேஞ்சில் விரல் பழகியது அத்தனையும் இடுப்பில் இருப்பதற்கும் அப்படியே பொருந்தும். ஒரே மாடலில் இரண்டு வைத்திருப்பதன் முழுப் பயனும் எனக்கு இதுதான்.

அதனால்தான் தலைமுறையையும் பார்த்து வாங்கச் சொல்கிறேன். பெட்டியில் கிளாக் 19 என்று எழுதியிருந்தாலும் ஜென் 3-உம் 2017-இல் வந்த ஜென் 5-உம் ஒன்றல்ல. மூன்றில் பிடியின் முன்பக்கம் விரல் பள்ளங்கள் உண்டு, ஐந்தில் கிடையாது. பின்தள்ளலைத் தாங்கும் ரீகாயில் ஸ்பிரிங் மூன்றில் ஒற்றை, ஐந்தில் இரட்டை. ஒன்றினுடையது மற்றதற்கு ஆகாது. ஸ்லைடை, அதாவது முன்னும் பின்னும் ஓடும் மேல்பாகத்தை, நிறுத்தும் ஸ்லைடு ஸ்டாப்பும் ஐந்தில் இரண்டு பக்கமும் இருக்கும். விலை குறைவாகக் கிடைக்கிறதே என்று வேறு தலைமுறையை வாங்கினால் பெயர்தான் ஒன்றாக இருக்கும், கைக்கு இரண்டும் வேறு வேறு.

இங்கே வார இறுதியில் நடக்கும் ஐடிபிஏ போட்டி (தற்காப்புப் பாணிக் கைத்துப்பாக்கிப் போட்டி) ஒன்றில், என் அணியில் இருந்த ஒருவருக்கு ஸ்டேஜ் (போட்டியின் ஒரு கட்டம்) நடுவில் ட்ரிக்கர் ஸ்பிரிங் உடைந்தது. எந்த மாடல் என்று சொல்லப்போவதில்லை, ஸ்பிரிங் எதிலும் உடையும். அந்த ஸ்டேஜ் போய்விட்டது. நடுவரிடம் சொல்லிவிட்டு, காரில் இருந்த இன்னொன்றை எடுத்து வந்தார். அதே மாடல், அதே சைட். இடுப்பில் இருந்த ஹோல்ஸ்டரையோ (துப்பாக்கி உறையையோ) பட்டையில் இருந்த மேகசின்களையோ மாற்றவேண்டிய அவசியமே வரவில்லை. அடுத்த ஸ்டேஜில் எதுவும் நடக்காததுபோல் சுட்டார். கூட இருந்தவர்களில் பலர் அன்று மாலையே விலை விசாரித்தார்கள்.

டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கருக்கு நடந்ததை எல்லோரும் பார்த்தோம். 2021 ஜூலையில், 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்று நடுவில் பிஸ்டல் பழுதாகி, சரிசெய்வதிலேயே பொன்னான நிமிடங்கள் போயின. 575 புள்ளிகளோடு 12-ஆவது இடம். இறுதிச் சுற்று நூலிழையில் கைநழுவியது. 2024-இல் பாரிஸில் இரண்டு வெண்கலம் வாங்கினாரே, அதைப் பார்க்கும்போதும் எனக்கு டோக்கியோவின் அந்த நிமிடங்கள்தான் மனதில் ஓடின. அவ்வளவு பயிற்சியும் ஒரு சின்ன பாகத்தை நம்பி நிற்கிறது.

இரண்டாவது, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642. ஜே ஃபிரேம் என்று சொல்லும் சின்ன ரிவால்வர் குடும்பம், 1950-இல் தொடங்கியது. 642-இல் ஹேமர் (தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தி) வெளியே தெரியாது, அதனால் பாக்கெட்டிலிருந்து எடுக்கும்போது துணியில் மாட்டாது. .38 ஸ்பெஷல், 5 ரவுண்டு, எடை அரைக் கிலோவுக்கும் குறைவு. எடை குறைவதால் சுடும்போது கையில் விழும் உதை அதிகம். ரேஞ்சில் ஒரு பெட்டி தோட்டா சுட்டால் உள்ளங்கை எரியும். ஆகவே இதைப் பயிற்சிக்காக இரட்டிப்பாக வாங்கச் சொல்லமாட்டேன். பயிற்சிக்கு அதே அமைப்பில் முழு ஸ்டீலில் வரும் 640 நல்லது. பிடியும் ட்ரிக்கரும் ஒரே ஜாதி, உதை பாதி.

பிறகு ஏன் இரண்டு 642? ஐந்து ரவுண்டு தீர்ந்த ரிவால்வரைத் திரும்ப நிரப்புவதைவிட இன்னொன்றை எடுப்பது வேகம். அதற்கு நியூயார்க் ரீலோட் என்றே பெயர். நியூயார்க் போலீஸின் ஸ்டேக்அவுட் (மறைந்து காத்திருந்து பிடிக்கும்) பிரிவில் 1960களின் இறுதியிலிருந்து வேலை பார்த்த ஜிம் சிரில்லோ போன்றவர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட துப்பாக்கி சுமந்தது இதற்காகத்தான். எனக்கு அப்படிப்பட்ட வாழ்க்கை இல்லை. ஒன்று என்னுடையது, இன்னொன்று மனைவியுடையது. இரண்டும் ஒன்றாக இருப்பதால் அவருக்கு நான் சொல்லிக்கொடுப்பதும், எனக்கு அவர் சுட்டிக்காட்டுவதும் எளிது. ட்ரிக்கரை நிதானமாக இழுப்பதில் அவர் என்னைவிடப் பொறுமைசாலி. குறி என்னுடையதைவிட நெருக்கமாக விழுகிறது.

மூன்றாவது ரூகர் மார்க் 4, .22. இந்த வரிசை 1949-இல் ரூகர் கம்பெனி தொடங்கியபோதே பிறந்தது. சுடுவதற்கு அருமையாகவும், கழற்றினால் திரும்பப் பூட்டுவதற்குப் பெரும்பாடாகவும் பல பத்தாண்டுகள் இருந்தது. 2016-இல் வந்த மார்க் 4-இல் பின்பக்கம் ஒரு பட்டன், அழுத்தினால் மேல்பாதி மடங்கித் தனியாக வந்துவிடும். .22 தோட்டா 9 மி.மீ. விலையில் பாதிகூட ஆகாது. விருந்தாளி வந்தால் ஆளுக்கொன்று கொடுத்து அருகருகே நிறுத்திக் கற்றுக்கொடுக்கலாம். இரண்டாவதைப் பழையதாக வாங்குகிறவர்கள் சீரியல் எண்ணைப் பாருங்கள். 2017 ஜூன் 1-க்கு முன் தயாரானவற்றை, சேஃப்டி (தவறிச் சுடாமல் தடுக்கும் பூட்டு) தொடர்பாகக் கம்பெனியே திரும்ப அழைத்துச் சரிசெய்து கொடுத்தது. உங்களுடையதில் அது நடந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.

1911 ஒன்று இருக்கிறது. ஜான் பிரௌனிங் வடிவமைத்து அமெரிக்க ராணுவம் 1911-இல் ஏற்ற மாடல், .45, மேகசினில் 7. அதன் ட்ரிக்கருக்கு ஈடு கிடையாது. ஆனாலும் எனக்கு ஒன்று போதும்.

புதிதாக வருகிறவர்களுக்குச் சட்டம் பற்றி. எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ மத்திய சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் உண்டு, வக்கீலைக் கேட்காமல் அதை நம்பி இறங்கவேண்டாம். கிரீன் கார்டு வந்தபின் வாங்கலாம். கடையில் 4473 என்ற மத்திய அரசுப் படிவமும் பின்னணிச் சோதனையும் ஒவ்வொரு முறையும் உண்டு. ஒரே கடையில், தொடர்ந்த ஐந்து வேலை நாட்களுக்குள் இரண்டு கைத்துப்பாக்கி வாங்கினால், கடைக்காரர் அதை ஏடிஎஃப்-க்கு (துப்பாக்கி விற்பனையைக் கண்காணிக்கும் மத்திய அமைப்புக்கு) தெரிவிக்கவேண்டும். அது குற்றமல்ல, பதிவுதான். ஜோடியாக வாங்குகிறவர்கள் பதறவேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

இரண்டு வாங்கினால் இரண்டையும் பூட்டவேண்டும். டெக்ஸாஸில் சுடத் தயாராக இருக்கும் துப்பாக்கி நம் கவனக்குறைவால் 17 வயதுக்குக் குறைந்தவர் கைக்குப் போனால் அதுவே வழக்கு. வழக்கு கிடக்கட்டும், வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். சேஃபுக்கு இடமும் காசும் ஒதுக்கிவிட்டு, அதற்குப் பிறகு இரண்டாவதைப் பற்றி யோசியுங்கள்.

ஜெர்சி நண்பன் எழுதியது:

அண்ணா, நீங்கள் டெக்ஸாஸில் இருப்பதால் இரண்டு மூன்று என்று எழுதுகிறீர்கள். நியூ ஜெர்சியில் ஒவ்வொரு கைத்துப்பாக்கிக்கும் தனித்தனி பர்மிட். 30 நாளைக்கு ஒன்றுதான் வாங்கமுடியும். மேகசினில் 10 ரவுண்டுக்கு மேல் கூடாது. இவ்வளவு அலைந்து வாங்கும் பர்மிட்டை இருப்பதையே திரும்ப வாங்கச் செலவழிப்பதா என்று நானும் யோசித்தேன். அதற்காகவே புது மாடலாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் இரண்டாவதும் சிக் பி365-தான் வாங்கினேன். 2018-இல் அது வந்தபோது, அவ்வளவு சின்ன உடம்பில் 10 ரவுண்டு என்பது பெரிய விஷயம். எங்கள் மாநிலத்தில் பெரிய பிஸ்டலுக்கும் 10-தான் என்பதால், பெரியதைச் சுமந்து பயனில்லை. ஒன்றில் ரெட் டாட் (கண்ணாடியில் சிவப்புப் புள்ளி காட்டும் சைட்) போட்டிருக்கிறேன், ஒன்றில் சாதாரண இரும்பு சைட். டாட் கண்ணாடி மங்கினால் என்ன செய்வது என்று தெரிந்துகொள்ள, ரேஞ்சுக்குப் போகும்போது இரண்டையும் மாற்றி மாற்றிச் சுடுகிறேன். நீங்கள் சொன்ன மாதிரி அச்சாக ஒன்றாக வைத்திருப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு, ஆனால் பிடி ஒன்றாக இருப்பதே எனக்குப் பாதி வேலையை முடித்துவிடுகிறது.

திருச்சி பழைய சிப்பாய் எழுதியது:

தம்பிகளா, நான் மகள் வீட்டுக்கு ஹூஸ்டன் வந்திருக்கிறேன். ராணுவத்தில் இருந்தபோது எங்களுக்குக் கொடுத்தது 9 மி.மீ. ஆட்டோ 1ஏ. இஷாப்பூர் ரைஃபிள் ஃபேக்டரியில் செய்தது, பிரௌனிங் ஹை பவரின் நம் நாட்டு வடிவம். மேகசினில் 13 ரவுண்டு. 1935-இல் பெல்ஜியத்தில் வந்த வடிவமைப்பு. இன்றைக்கும் அதைப் பிடித்தால் கை தானாக அமையும்.

இங்கே கடை ஒன்றில் பழைய பெல்ஜியம் ஹை பவர் பார்த்தேன். கையில் வாங்கிப் பார்த்ததும் விட மனமில்லை. எஃப்என் கம்பெனி அதைத் தயாரிப்பதை 2010களின் கடைசியில் நிறுத்திவிட்டது. 2022-இல் அதே பெயரில் ஒன்று விட்டார்கள், அதன் பாகமும் மேகசினும் பழையதற்குப் பொருந்தாது. தயாரிப்பு நின்றுபோன மாடல் பிடித்திருந்தால், உதிரி பாகத்துக்காகவாவது இன்னொன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் கருத்து. எனக்கு இங்கே வாங்க வழியில்லை.

ஊரில் அதுவும் முடியாது. 9 மி.மீ. தடை செய்யப்பட்ட போர் (குழல் விட்டம்), பொதுமக்களுக்குப் பொதுவாக லைசென்ஸ் தரமாட்டார்கள். கான்பூரில் செய்யும் .32 ரிவால்வர்தான் பலரிடம் இருக்கிறது. 2019 சட்டத் திருத்தம் ஒருவருக்கு மூன்று என்பதை இரண்டு ஆக்கியது. மூன்றாவதை ஒரு வருடத்துக்குள் ஒப்படைக்கவேண்டும் என்றார்கள். என் சிநேகிதர் ஒருவர் தன் அப்பா காலத்துத் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு வந்தார், அன்று முழுக்க அவர் யாரோடும் பேசவில்லை. இரண்டுதான் என்று ஆனபிறகு ஒரே மாதிரி இரண்டு வைத்துக்கொள்ள யாருக்கு மனம் வரும்? ஒன்று கைத்துப்பாக்கி, ஒன்று தோட்டத்துக்கு நீளத் துப்பாக்கி. அப்படித்தான் வைத்திருக்கிறார்கள்.

கோவை அம்மா எழுதியது:

என் மகள் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் சுடுகிறாள். டல்லாஸ் சார் டோக்கியோவைப் பற்றி எழுதியதால் எழுதுகிறேன். அன்று டிவி முன் உட்கார்ந்து நாங்கள் இருவரும் அழுதோம். ஏர் பிஸ்டலுக்கு ஊரில் லைசென்ஸ் தேவையில்லை, ஆனால் போட்டித் தரத்தில் ஸ்டெயர், மொரினி, பார்தினி என்று எதை எடுத்தாலும் ஒன்றே லட்சத்தைத் தாண்டும். அதே மாடலில் இரண்டாவது என்பது எங்களைப்போன்ற குடும்பத்துக்குப் பெரிய முடிவு. நகையை வைத்து வாங்கினோம், வருத்தம் இல்லை.

வாங்கினால் மட்டும் போதாது. மரப் பிடியை அவள் கைக்கு ஏற்ப ராவித் தேய்த்து, மெழுகு வைத்து, மறுபடி தேய்த்து அமைத்திருந்தார் கோச். இரண்டாவது பிடியையும் அதே அளவுக்குக் கொண்டுவர வாரக்கணக்கில் ஆனது. ட்ரிக்கர் எடை 500 கிராமுக்குக் குறையக்கூடாது என்பது விதி, இரண்டையும் ஒரே எடையில் வைத்து அளந்து பார்க்கிறோம். போட்டிக்கு முன் உபகரணப் பரிசோதனையில் இரண்டையும் காட்டி முத்திரை வாங்கிவிடுங்கள். பையில் முத்திரை இல்லாமல் இருக்கும் இரண்டாவது பிஸ்டல் அவசரத்துக்கு உதவாது. மகள் மாதத்தில் ஒரு வாரம் இரண்டாவதை மட்டுமே சுடுகிறாள், கைக்கு அது அந்நியமாகிவிடக்கூடாது என்று.

டல்லாஸ்காரன் எழுதியது:

அம்மா, மாதத்தில் ஒரு வாரம் இரண்டாவதை மட்டுமே சுடுவது மிக நல்ல யோசனை. நானும் இனி அப்படிச் செய்யப்போகிறேன். மகளுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள்.

ஐயா, ஹூஸ்டனில் இருக்கும்வரை ஒரு சனிக்கிழமை டல்லாஸ் வாருங்கள். எங்கள் ரேஞ்சில் ஒருவர் பழைய ஹை பவர் வைத்திருக்கிறார். வெளிநாட்டிலிருந்து வந்தவர் ரேஞ்சில் வாடகைக்கோ இரவலுக்கோ சுட என்னென்ன விதி என்று ரேஞ்சிலும் வக்கீலிடமும் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.

அடுத்து நான் இரண்டாவது வாங்க நினைப்பது சிசெட் 75 பி. செக் நாட்டின் உஹெர்ஸ்கி பிரோதில் செய்வது, 1975-இல் கோட்ஸ்கி சகோதரர்கள் வடிவமைத்த 75-இன் வாரிசு. ஸ்லைடு ஃபிரேமுக்கு (அடிச்சட்டத்துக்கு) உள்ளே ஓடுவதால் தாழ்வாக உட்கார்ந்து, சுடும்போது கையில் துள்ளல் குறைகிறது. ஃபிரேமும் ஸ்டீல், எடை ஒரு கிலோ. அதை நாள் முழுக்க இடுப்பில் சுமக்கிறவர்கள் எந்த ஹோல்ஸ்டர், எந்த பெல்ட் என்று எழுதுங்கள்.