வீட்டிலிருந்து வேலை செய்ய இரைச்சல் குறைக்கும் இயர்பட்ஸ்: எதைப் பார்த்து வாங்குவது?

மைதிலி (கொக்குவில்):

அனைவருக்கும் வணக்கம். கொழும்பிலுள்ள ஒரு நிறுவனத்தின் கணக்கு வேலைகளைக் கொக்குவிலில் வீட்டிலிருந்தபடியே செய்து வருகிறேன். கூட்டங்கள் எல்லாம் என்னுடைய அன்ட்ரோயிட் கைத்தொலைபேசியிலேயே நடக்கின்றன. எங்கள் வளவின் ஒரு பக்கத்தில் மா அரைக்கும் ஆலை; பகல் முழுவதும் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும். மறுபக்கத்தில் கோயில், திருவிழாக் காலத்தில் விடியற்காலையிலேயே ஒலிபெருக்கி தொடங்கிவிடும். அந்த நாதஸ்வரத்தையும் தவிலையும் கேட்டு வளர்ந்தவள் நான், அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் கணக்கு முடிக்க வேண்டிய மாதக் கடைசியில் மனதை ஒருமுகப்படுத்துவது கடினமாக இருக்கிறது.

இரைச்சலைக் குறைக்கும் இயர்பட்ஸ் ஒன்று வாங்கலாம் என்று நகரத்தில் சில கடைகளில் விசாரித்தேன். ஒரு பெட்டியில் 35 டெசிபல் என்றும் இன்னொன்றில் 50 டெசிபல் என்றும் போட்டிருக்கிறார்கள், சிலவற்றில் ஏ.என்.சி. என்றும் சிலவற்றில் ஈ.என்.சி. என்றும் இருக்கிறது. இரண்டும் ஒன்றுதான் என்று ஒரு கடைக்காரர் சொன்னார். 25,000 ரூபாவுக்குள் வாங்க நினைத்திருக்கிறேன். கனடாவிலிருந்து மாமா வருகிறார், அவரிடம் சொல்லி அங்கிருந்து எடுப்பிப்பதா, இங்கேயே வாங்குவதா என்பதும் தெரியவில்லை. பயன்படுத்திப் பார்த்தவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பௌதிகவியல் ஆசிரியர் (சுன்னாகம்):

தங்கச்சிக்கு வணக்கம். பெட்டியில் போட்டிருக்கும் டெசிபல் எண்ணை ஒரு பக்கம் வையுங்கள். உங்களைச் சுற்றியிருக்கும் இரைச்சல் எந்த வகை என்று முதலில் பிரித்துப் பார்த்தால்தான் இந்தக் கருவி எவ்வளவு உதவும் என்று சொல்ல முடியும்.

இது வேலை செய்யும் விதம் உயர்தர வகுப்பில் அலைகளின் தலையீடு என்று நாங்கள் படிப்பிக்கும் பாடம்தான். இயர்பட்டின் வெளிப்புறத்திலுள்ள ஒலிவாங்கி வெளி இரைச்சலைப் பிடிக்கிறது. உள்ளேயுள்ள மின்னணுச் சில்லு அதே வீச்சத்தில், ஆனால் எதிர் அவத்தையில், அதாவது அதன் மேட்டுக்கு இதன் பள்ளம் வரும்படி, இன்னொரு அலையை உண்டாக்கிக் காதுக்குள் அனுப்புகிறது. இரண்டும் சேரும் இடத்தில் ஒன்றையொன்று அழிக்கின்றன. நல்ல கருவிகளில் காதின் பக்கமாகவும் ஓர் ஒலிவாங்கி இருக்கும். அது மிஞ்சிய இரைச்சலை அளந்து திருத்துகிறது. பவுல் லூக் என்ற ஜேர்மனியர் இந்த யோசனைக்கு 1936 ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் காப்புரிமை பெற்றிருந்தார். போஸ் ஒலிக்கருவி நிறுவனத்தை நிறுவிய அமர் போஸ் 1978 இல் ஒரு விமானப் பயணத்தின்போது இதைத் தலையணி ஒலிக்கருவியில் கொண்டுவர எண்ணினார். அவருடைய நிறுவனம் 1989 இல் விமானிகளுக்கான கருவியை விற்பனைக்கு விட்டது. விமான இயந்திரத்தின் மாறாத, தாழ்ந்த உறுமலுக்காக வளர்ந்த தொழில்நுட்பம் என்பதை நினைவில் வைத்தால் அதன் பலமும் எல்லையும் விளங்கும்.

100 ஹேர்ட்ஸ் மீடிறனுடைய, அதாவது செக்கனுக்கு 100 முறை அதிரும் ஒலியில் அரை அலைக்கு 5 மில்லிசெக்கன் ஆகிறது. சில்லு சற்றுத் தாமதித்தாலும் எதிர் அலை ஏறத்தாழச் சரியாகவே பொருந்தும். 3000 ஹேர்ட்ஸில் அரை அலை ஏறத்தாழ 0.17 மில்லிசெக்கன்தான், அதில் மிகச் சிறிய பிசகு ஏற்பட்டாலும் இரைச்சல் அழியாது, சில வேளைகளில் கூடவும் செய்யும். அதனால்தான் இந்த முறை ஏறக்குறைய 1000 ஹேர்ட்ஸுக்குக் கீழேயே நன்றாக வேலை செய்கிறது. உங்கள் ஆலையின் மோட்டார் 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடுவதால் அதன் ரீங்காரத்தின் பெரும்பகுதி 100 ஹேர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் இருக்கும். அது நன்றாகவே அடங்கும். மின்விசிறி, குளிரூட்டி, பெற்றோல் ஜெனரேற்றர், இரவு பேருந்தின் இயந்திரம் ஆகியவையும் அப்படியே. ஆனால் தானியம் அரைபடும் கரகரப்பு முழுவதும் போகாது.

கோயில் ஒலிபெருக்கி வேறு கதை. கூம்பு ஒலிபெருக்கி தாழ்ந்த ஒலிகளை அவ்வளவாக வெளிவிடாது. நடுத்தர, உயர் மீடிறன்களைத்தான் தூரத்துக்கு எறியும். நாதஸ்வரமும் மனிதக் குரலின் தெளிவும் அந்தப் பகுதியிலேயே இருக்கின்றன. அவற்றைத் தடுப்பது சில்லு அல்ல, காதுத் துவாரத்தை அடைத்து நிற்கும் சிலிக்கோன் முனைதான். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் கோயில் வீதிக்கு அண்மையில் இருந்து படிக்கும் என் மாணவர்களுக்கும் நான் இதையே சொல்கிறேன்: முனை காதுக்குச் சரியாகப் பொருந்தாவிட்டால் விலை கூடிய கருவியும் பாதி வேலைதான் செய்யும். பெட்டிக்குள் வழமையாக மூன்று அளவுகளில் முனைகள் இருக்கும். மூன்றையும் போட்டுப் பாருங்கள். இடது காதுக்கும் வலது காதுக்கும் வெவ்வேறு அளவு தேவைப்படுவது சாதாரணம். அமுக்கிவிட்டால் காதுக்குள் விரியும் நுரை முனை வாங்கிப் போட்டால் உயர் ஒலிகள் இன்னும் குறையும்.

இனி அந்த டெசிபல் எண். 50 டெசிபல் என்பது ஆய்வுகூடத்தில் கருவி மிகச் சிறப்பாக வேலை செய்த ஒரு மீடிறனில் கிடைத்த உச்ச அளவாகவே பெரும்பாலும் இருக்கும். எல்லா ஒலிகளும் அவ்வளவு குறையும் என்று பொருளல்ல. 10 டெசிபல் குறைந்தாலே காதுக்கு ஒலி ஏறத்தாழப் பாதியாகத் தோன்றும். ஆகவே 35 என்று எழுதிய ஒன்று 50 என்று எழுதிய ஒன்றைவிட உங்கள் வீட்டில் நன்றாக இருக்க இடமுண்டு.

கைத்தொலைபேசி திருத்துநர் (யாழ் நகர்):

ஆசிரியர் ஐயா சொன்னவற்றோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். கடைப் பக்கத்து விடயங்களை நான் சொல்கிறேன், ஏனெனில் பணம் வீணாவது பெரும்பாலும் அங்கேதான்.

ஏ.என்.சி.யும் ஈ.என்.சி.யும் ஒன்று என்று சொன்னவர் தெரியாமல் சொல்லியிருந்தாலும் அது தவறு. ஏ.என்.சி. உங்கள் காதில் விழும் இரைச்சலைக் குறைப்பது. ஈ.என்.சி. நீங்கள் கதைக்கும்போது உங்கள் ஒலிவாங்கியில் கலக்கும் இரைச்சலை வடிகட்டி, மறுமுனையில் இருப்பவருக்கு உங்கள் குரலைத் தெளிவாக அனுப்புவது. ஈ.என்.சி. மட்டும் உள்ள ஒன்றை வாங்கினால் ஆலைச் சத்தம் உங்கள் காதில் கொஞ்சமும் குறையாது. உங்களுக்குக் கூட்டங்களும் இருப்பதால் இரண்டும் தேவை. பெட்டியில் இரண்டும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

கடையிலேயே சோதித்து வாங்குங்கள். பாட்டு எதுவும் போடாமல், ஓடிக்கொண்டிருக்கும் மின்விசிறிக்கோ குளிரூட்டிக்கோ அருகில் நின்று, இரைச்சல் குறைப்பை நிறுத்தியும் இயக்கியும் பாருங்கள். உண்மையான கருவியில் அந்தத் தாழ்ந்த உறுமல் சட்டென்று விலகுவதை எவரும் உணரலாம். வேறுபாடு தெரியாவிட்டால், அல்லது மெல்லிய ‘ஸ்ஸ்’ என்ற ஓசை மட்டும் கூடினால், அதை வைத்துவிட்டு வாருங்கள். பாட்டைப் போட்டுக் காட்டி விற்க முற்பட்டால் பணிவாக மறுத்துவிடுங்கள், பாட்டு எல்லா இரைச்சலையும் மூடிவிடும்.

பெயர்பெற்ற நிறுவனங்களின் போலிகள் சந்தையில் நிறையவே உள்ளன. பெட்டி, எழுத்து, கைத்தொலைபேசித் திரையில் தோன்றும் படம் எல்லாம் அசல்போலவே இருக்கும். தொடரிலக்கத்தை நிறுவனத்தின் இணையத்தளத்தில் சரிபார்ப்பது நல்லது, ஆனால் அசல் ஒன்றின் இலக்கத்தையே போலியில் அச்சிடுவதும் உண்டு என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம். பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, கேட்கும்போது பற்றுச்சீட்டுக் கொடுப்பது வியாபாரியின் கடமை. பிணக்கு வந்தால் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு முறையிடலாம். உத்தரவாதக் காலமும் தொடரிலக்கமும் அந்தச் சீட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

கனடாவிலிருந்து எடுப்பிப்பதைப் பற்றி: அசலாக இருக்கும் என்ற நிம்மதி உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பல நிறுவனங்களின் உத்தரவாதம் வாங்கிய நாட்டோடு நின்றுவிடும். இயர்பட்ஸில் பழுது என்று வருவது அதிகமும் பற்றரிதான், அது ஒட்டி மூடப்பட்டிருப்பதால் எங்களாலும் எளிதில் மாற்ற முடிவதில்லை. மாமா வாங்குமுன் அந்த நிறுவனத்தின் இலங்கை முகவர் வெளிநாட்டில் வாங்கியதை ஏற்பாரா என்று கேட்டுவிடுங்கள். ஏற்கமாட்டார் என்றால் இங்கேயே வாங்குவதுதான் என் ஆலோசனை.

நுரை முனை பற்றி மட்டும் ஐயாவோடு எனக்குக் கருத்து வேறுபாடு. எங்கள் வெக்கைக்கும் வியர்வைக்கும் நுரை ஈரத்தை உறிஞ்சி விரைவிலேயே பழுதாகிறது. அடிக்கடி மாற்ற வேண்டும், இங்கே எல்லா அளவும் கிடைப்பதில்லை. பொருத்தமான சிலிக்கோன் முனையே பலருக்கும் போதும்.

மைதிலி (கொக்குவில்):

ஐயாவுக்கும் அண்ணாவுக்கும் மிக்க நன்றி. இப்போது கடைக்குப் போனால் என்ன கேட்பது என்று எனக்குத் தெரிகிறது.

இன்னும் இரண்டு சந்தேகங்கள். என் தோழியின் இயர்பட்ஸில் பாட்டு மிக இனிமையாகக் கேட்கிறது, ஆனால் கூட்டம் தொடங்கியவுடன் ஒலி மங்கி, பழைய தொலைபேசியில் கதைப்பதுபோல ஆகிவிடுகிறது. அது பழுதா? ‘எல்டாக்’ இருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொல்கிறார்கள், அது இருந்தால் இது தீருமா? மற்றது, அடைத்து நிற்கும் முனைகளை நெடுநேரம் போட்டால் என் காது அரிக்கிறது. முனையில்லாமல் காதின் வாயிலில் இருக்கும் வகையை எடுக்கலாமா?

பௌதிகவியல் ஆசிரியர் (சுன்னாகம்):

அது பழுது அல்ல. பாட்டுக் கேட்கும்போது புளூடூத் முழு வழியையும் ஒரு திசையில் பயன்படுத்துகிறது. அழைப்பில் குரல் இரு திசையிலும் போக வேண்டும் என்பதால் கைத்தொலைபேசி வேறொரு முறைக்கு மாறுகிறது; அந்தப் பழைய முறையில் ஒலி செக்கனுக்கு 8000 முறை அளந்தெடுத்த மாதிரிகளாகவோ, சற்று மேம்பட்ட வடிவில் 16,000 மாதிரிகளாகவோ மட்டுமே அனுப்பப்படுகிறது. எல்டாக் என்பது சொனி நிறுவனம் உருவாக்கிய, செக்கனுக்கு 990 கிலோபிற்று வரை அனுப்பக்கூடிய குறிமுறை; 2017 இல் வந்த அன்ட்ரோயிட் 8 முதல் கைத்தொலைபேசிகளில் இடம்பெற்று வருகிறது. பாட்டுக்கு அது நல்லது, கூட்டத்துக்கு அது பயன்படாது. ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு எதற்குமே பயன்படாது, ஏனெனில் ஐபோன் அதை ஏற்பதில்லை.

அழைப்பின் ஒலியை உயர்த்துவது புளூடூத் எல்.ஈ. ஓடியோ என்ற புதிய முறைதான். அன்ட்ரோயிட் 13 இலிருந்து அதற்கு ஆதரவு உண்டு. ஆனால் கைத்தொலைபேசி, இயர்பட்ஸ் இரண்டிலும் இருந்தால்தான் வேலை செய்யும். உங்கள் வேலை பெரும்பாலும் கூட்டங்கள் என்பதால், எல்டாக்குக்குக் கொடுக்கும் பணத்தை நல்ல ஒலிவாங்கிக்குக் கொடுங்கள் என்பேன். வாங்குமுன் கடையில் நின்று வீட்டுக்கு ஓர் அழைப்பு எடுத்து, உங்கள் குரல் எப்படி இருக்கிறது என்று அவர்களிடமே கேளுங்கள். முடிந்தால் வீதிப்பக்கமாக வந்து, காற்று வீசும் இடத்தில் கதையுங்கள். சோளகக் காற்று வீசும் மாதங்களில் விறாந்தையிலிருந்து கதைத்தால் வெளி ஒலிவாங்கியில் காற்று மோதி உறுமும். காற்றிரைச்சலைக் குறைக்கும் தெரிவு செயலியில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

முனையில்லாத வகையிலும் இப்போது ஏ.என்.சி. வந்துவிட்டது, அப்பிள் 2024 இல் வெளியிட்ட எயார்பொட்ஸ் 4 இன் ஒரு வடிவத்தில் அது உண்டு. ஆனால் அடைப்பு இல்லாததால் ஒலிபெருக்கியும் குரல்களும் உள்ளே வரும். ஆலைக்கு ஓரளவு உதவும், கோயிலுக்கு உதவாது. அரிப்பு எவ்வளவு என்பதைப் பொறுத்து நீங்களே தீர்மானிக்க வேண்டியது அது.

தாதி (மானிப்பாய்):

அரிப்பு என்று எழுதியிருந்ததால் குறுக்கிடுகிறேன், தங்கச்சி. அடைத்த காதுக்குள் வெப்பமும் ஈரமும் தங்குவதால் தோல் ஊறி அரிக்கலாம், அதைச் சொறிந்தால் தொற்று வரவும் கூடும். தலை முழுகிய உடனே போடாதீர்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் பின்னர் கழற்றிக் காதுக்குக் காற்றுப்பட விடுங்கள், முனைகளைக் கழற்றிக் கழுவி நன்றாக உலர்த்துங்கள். வலியோ நீர் வடிதலோ இருந்தால் இயர்பட்ஸை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

இரைச்சல் குறைப்பு இருப்பதன் பெரிய நன்மை ஒலியைக் கூட்டத் தேவையில்லாமற் போவதுதான். பெரியவர்களுக்கு வாரத்தில் 40 மணித்தியாலம் கேட்பதென்றால் 80 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 90 டெசிபலில் அது வாரத்துக்கு 4 மணித்தியாலமாகச் சுருங்கிவிடுகிறது. ஒருவர் வேலைக்காக நாள்தோறும் அணியும்போது இந்தக் கணக்கு மிகவும் முக்கியம்.

இன்னொன்றையும் மன்றாடிக் கேட்கிறேன். இரைச்சல் குறைப்பை இயக்கியபடி மோட்டார் சைக்கிளிலோ சைக்கிளிலோ போகாதீர்கள், புகையிரதக் கடவையைக் கடக்காதீர்கள். எங்கள் பாதையில் காவலாளி இல்லாத கடவைகள் இருக்கின்றன. இயந்திரத்தின் தாழ்ந்த உறுமலைத்தான் இந்தக் கருவி முதலில் அழிக்கிறது. வெளிச்சத்தத்தை உள்ளே விடும் தெரிவு இருந்தாலும் வீதியில் கழற்றிப் பையில் வைப்பதே பாதுகாப்பு.

கைத்தொலைபேசி திருத்துநர் (யாழ் நகர்):

அக்கா சொன்னதை என் வாடிக்கையாளர்களுக்கும் சொல்லப்போகிறேன்.

தங்கச்சி, 25,000 ரூபாவில் ஏ.என்.சி., கதைப்பதற்கு நல்ல ஒலிவாங்கி, மூன்று அளவு முனை, எழுத்தில் உத்தரவாதம் ஆகிய நான்கும் உள்ள ஒன்றைத் தேடுங்கள். மிகப் பெரிய பெயருக்காக இவற்றில் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டாம். தூசியையும் நீரையும் எவ்வளவு தாங்கும் என்பதைக் காட்டும் ஐ.பி. குறியீட்டில், வியர்வைக்கு ஐ.பி.எக்ஸ்.4 போதும். எக்ஸ் என்பது தூசிக்குச் சோதிக்கப்படவில்லை என்பதைக் குறிப்பதால், ஆலைக்கு அருகில் மாத்தூசி பறக்கும் உங்கள் வீட்டுக்கு ஐ.பி.54 என்றோ 55 என்றோ போட்டது கிடைத்தால் இன்னும் நல்லது. பெட்டியில் எழுதிய பற்றரி நேரம் ஏ.என்.சி. நிறுத்திய நிலையிலா இயக்கிய நிலையிலா என்று கவனியுங்கள், இயக்கினால் குறையும். மின்னேற்றும் பெட்டியை யன்னல் வெயிலில் வைக்காதீர்கள். வெப்பம் பற்றரியின் ஆயுளை வேகமாகக் குறைக்கும். மாத்தூசி படிந்தால் ஒலிவாங்கியின் வலையை உலர்ந்த மெல்லிய தூரிகையால் மட்டும் துடையுங்கள், ஊசியால் குத்த வேண்டாம்.