மேட்டூர் அணை நீர்மட்ட வரைபடம்: மேட்பிளாட்லிப்பில் டிக் குறிகள் ஜூன் 12ல் விழ வேண்டும், உதவி தேவை

கேள்வி

வணக்கம். மேட்டூர் அணையின் தினசரி நீர்மட்டத்தைப் பைத்தானில் மேட்பிளாட்லிப் என்ற வரைபட நூலகம் கொண்டு வரைந்துகொண்டிருக்கிறேன். 2011 ஜனவரி 1 முதல் 2020 டிசம்பர் 31 வரை நாளுக்கு ஒரு வரியாக 3653 வரிகள் கொண்ட சிஎஸ்வி கோப்பு. முதல் பத்தியில் நாள், 12-06-2011 என்ற வடிவில். இரண்டாவது பத்தியில் நீர்மட்டம், அடிக்கணக்கில். மட்டம் கிடைக்காத நாட்களில் வெறும் சிறு கோடு போட்டிருக்கிறார்கள்.

எனக்கு வேண்டியது இதுதான். கீழ் அச்சில் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 12 அன்று ஒரு நீளமான டிக் குறி. குறுவைப் பாசனத்துக்கு அணை திறக்கும் வழக்கமான நாள் அது என்பதால், அந்த நாளில் எவ்வளவு தண்ணீர் இருந்தது என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும். இடையில் மூன்று மாதத்துக்கு ஒரு சின்ன குறி. இடப்பக்க அச்சில் 20 அடிக்கு ஒரு குறி, 120 அடி மட்டும் தனியாகத் தெரிய வேண்டும்.

இப்போது வருவது: கீழே ஆயிரக்கணக்கான தேதிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, மை கொட்டியதுபோல் ஒரு கறுப்புப் பட்டை. வரைந்து முடிக்கவும் வெகுநேரம் ஆகிறது. எழுத்தைச் சிறிதாக்கினேன், 90 டிகிரி திருப்பினேன், மாற்றமில்லை. செட்_எக்ஸ்டிக்லேபிள்ஸ் என்று 2011 முதல் 2020 வரை பட்டியல் கொடுத்தால் பத்து ஆண்டுகளும் இடது ஓரத்தில் ஒரே புள்ளியில் குவிகின்றன, கூடவே ஓர் எச்சரிக்கையும் வருகிறது. இடப்பக்க அச்சில் எண்கள் வரிசையாகக்கூட இல்லை, 98க்கு மேலே 45 நிற்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில் 1

சுலபமான வழி இருக்கிறது. குறிகளை 365க்கு ஒன்றாக எடுங்கள். தேதிப் பட்டியலில் முதல் ஜூன் 12 எந்த வரியில் இருக்கிறதோ அங்கிருந்து 365 தாண்டித் தாண்டி எடுத்து செட்_எக்ஸ்டிக்ஸுக்குக் கொடுத்துவிடுங்கள். கறுப்புப் பட்டை போய்விடும்.

பதில் 2

பட்டை போய்விடும், ஆனால் ஜூன் 12 கிடைக்காது. 2012, 2016, 2020 மூன்றும் லீப் ஆண்டுகள். 2011 ஜூன் 12ல் தொடங்கி 365 நாள் தாண்டிக்கொண்டே போனால் 2020ல் குறி ஜூன் 9ல் விழும். கோப்பில் ஒரு வரி விட்டுப்போனால் அதற்குப் பிறகு எல்லாமே நகரும். இந்த வரைபடத்தின் உயிரே அந்த ஒரு நாள்தான் என்னும்போது இதில் சமாதானம் செய்துகொள்ளக் கூடாது.

கேட்டவருக்கு: நீங்கள் சொன்ன மூன்று கோளாறுக்கும் காரணம் ஒன்றுதான். உங்கள் தேதிகள் இன்னும் தேதிகளாக ஆகவில்லை, எழுத்துச் சரங்களாகவே இருக்கின்றன. சரங்களைக் கொடுத்தால் மேட்பிளாட்லிப் அவற்றை வகைப்பெயர்களாக எடுத்துக்கொள்ளும். ஆப்பிள், வாழை, கொய்யா என்று மூன்று பெயர் கொடுத்தால் மூன்று குறி வருவதுபோல, 3653 பெயருக்கு 3653 குறி. தாமதமும் அதனால்தான், அத்தனை லேபிளையும் அது ஒவ்வொன்றாக எழுதுகிறது. ஆண்டுகள் இடது ஓரத்தில் குவிந்ததும் அதனால்தான். நீங்கள் கொடுத்த பத்துப் பெயரும் முதல் பத்துக் குறிகளுக்கு, அதாவது ஜனவரி 1 முதல் 10 வரைக்கும் போய்விட்டன. குறிகளின் இடத்தை முடிவு செய்யாமல் பெயரை மட்டும் மாற்றுகிறீர்கள் என்றுதான் அந்த எச்சரிக்கை சொல்கிறது.

இடப்பக்க அச்சிலும் அதே கதை. சிறு கோடு கலந்திருப்பதால், கோப்பைப் படிக்கும் பாண்டாஸ் நூலகம் அந்தப் பத்தி முழுவதையும் சரமாகப் படித்திருக்கிறது. அதனால் 98, 45 எல்லாம் பெயர்கள். கோப்பில் முதலில் வந்தது கீழே, பிறகு வந்தது மேலே.

ஆகவே குறிகளைத் தொடும் முன் இரண்டு மாற்றம். மட்டத்தை டு_நியூமெரிக் வழியாக எண்ணாக்குங்கள், எரர்ஸ் என்பதற்குக் கோயர்ஸ் என்று கொடுங்கள். சிறு கோடு இருந்த நாட்கள் வெற்று மதிப்பாகும், வரைகோடு அங்கே விட்டுத் தொடரும். அது நேர்மையான படம், பூஜ்யம் போட்டு நிரப்பிவிடாதீர்கள். தேதியை டு_டேட்டைம் வழியாக மாற்றுங்கள், ஆனால் டேஃபர்ஸ்ட் என்பதை ட்ரூ என்று கட்டாயம் கொடுங்கள், அல்லது வடிவத்தையே எழுதிக் கொடுங்கள். இல்லையென்றால் 12-06-2011 என்பதை டிசம்பர் 6 என்று படிக்க வாய்ப்புண்டு. பாண்டாஸின் பழைய பதிப்புகள் 13-06ஐ மட்டும் ஜூன் 13 என்று சரியாகப் படித்துவிட்டு, 12-06ஐ டிசம்பரில் கொண்டுபோய் வைக்கும், ஒரு சத்தமும் வராது. மாற்றிய பிறகு நாள்கள் ஏறுவரிசையில் இருக்கின்றனவா என்று ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி. இரண்டையும் மாற்றியவுடன் பட்டை காணாமல் போனது, கோடும் ஒழுங்காக ஏறி இறங்குகிறது. இப்போது ஆண்டுக் குறிகள் தானாகவே ஜனவரி 1ல் விழுகின்றன. அவற்றை ஜூன் 12க்கு எப்படி நகர்த்துவது? ஒவ்வோர் ஆண்டுக்கும் கையால் பட்டியல் எழுத வேண்டுமா?

பதில் 2

கையால் எழுத வேண்டாம். மேட்பிளாட்லிப்பில் ஒவ்வோர் அச்சுக்கும் இரண்டு ஆட்கள் வேலை செய்கிறார்கள். குறி எங்கே விழ வேண்டும் என்பதை லொக்கேட்டர் முடிவு செய்யும். அந்த இடத்தில் என்ன எழுத வேண்டும் என்பதை ஃபார்மேட்டர் முடிவு செய்யும். பெரிய குறிக்கு ஒரு ஜோடி, சிறிய குறிக்கு ஒரு ஜோடி. இந்தப் பிரிவினை பிடிபட்டுவிட்டால் டிக் பற்றிய சந்தேகங்களில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

உங்களுக்கு வேண்டியது டேட்ஸ் தொகுதியில் இருக்கும் இயர்லொக்கேட்டர். அதற்கு எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்பதோடு மாதம், நாள் இரண்டையும் கொடுக்கலாம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மன்த் 6, டே 12 என்று கொடுத்து, எக்ஸ்ஆக்சிஸின் செட்_மேஜர்_லொக்கேட்டரில் வையுங்கள். லீப் ஆண்டைப் பற்றி நீங்கள் யோசிக்கவே வேண்டாம். அதே அச்சின் செட்_மைனர்_லொக்கேட்டரில் மன்த்லொக்கேட்டரை வைத்து, மாதங்களாக 1, 4, 7, 10 கொடுங்கள். பெயருக்கு டேட்ஃபார்மேட்டர், ஆண்டு மட்டும் போதும் என்றால் சதவீதக் குறியும் பெரிய ஒய் எழுத்தும். ஜூன் 12 கிட்டத்தட்ட ஆண்டின் நடுவில் வருவதால், ஆண்டின் எண் அந்தந்த ஆண்டுப் பகுதியின் நடுவிலேயே அமைந்துவிடும். பார்க்க நன்றாக இருக்கும்.

நீளத்துக்கு டிக்_பாராம்ஸ். பெரிய குறியின் இயல்பு நீளம் 3.5 புள்ளி, சிறியதற்கு 2. பெரியதை 10 ஆக்குங்கள், தடிமன் 1.2 போதும். விச் என்று ஒரு அளவுரு உண்டு, அதை எழுதாவிட்டால் மாற்றம் பெரிய குறிக்கு மட்டுமே போகும். சிறிய குறியின் நிறம் மாறவில்லை என்று குழம்புகிறவர்களைப் பார்த்தால் முக்கால்வாசி இதுதான். கிரிட் கோடுகளுக்கும் இதே விதி. குறி அச்சுக்கு உள்ளே நிற்க வேண்டுமென்றால் டைரக்ஷனை இன் என்று மாற்றலாம். 2017ல் வந்த 2.0 பதிப்புக்கு முன் அதுதான் இயல்பாக இருந்தது, பழைய ஆய்வுக் கட்டுரைகளின் படங்களில் குறிகள் உள்நோக்கி இருப்பது அதனால்தான்.

கடைசியாக ஒன்று. வரைவதற்கு பாண்டாஸின் பிளாட்டைக் கூப்பிடாமல் நேரடியாக ஆக்சிஸின் பிளாட்டைக் கூப்பிடுங்கள். பாண்டாஸ் தேதிகளைத் தன் சொந்தக் கணக்குக்கு மாற்றிக்கொள்ள வாய்ப்புண்டு, அப்போது இந்த லொக்கேட்டர்கள் தவறான இடத்தில் போய் நிற்கும். அதைத்தான் பயன்படுத்துவேன் என்றால் எக்ஸ்_காம்பாட் ட்ரூ என்று கொடுத்துவிடுங்கள்.

கேட்டவர்

அருமை! 2020ல் சரியாக ஜூன் 12 அன்று திறந்தார்கள் அல்லவா, அந்தக் குறியிலிருந்தே கோடு இறங்கத் தொடங்குவது தெளிவாகத் தெரிகிறது.

அப்புறம் இரண்டு விஷயம். 120 அடிக் குறிக்குப் பக்கத்தில் "முழுக் கொள்ளளவு" என்று தமிழில் எழுதப் பார்த்தேன், வெறும் கட்டங்களாக வருகிறது. வலப்பக்கத்தில் டிஎம்சி கணக்கில் இன்னொரு அச்சும் வைக்க முடியுமா? மட்டம், கொள்ளளவு இரண்டும் கொண்ட அட்டவணை கையில் இருக்கிறது.

பதில் 3

தமிழ் எழுத்து பற்றி நான் சொல்கிறேன், இதில் நிறையப் பாடுபட்டிருக்கிறேன்.

கட்டங்கள் வருவதற்குக் காரணம், மேட்பிளாட்லிப்போடு வரும் டெஜாவூ சான்ஸ் எழுத்துருவில் தமிழ் இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை இறக்கி, ஃபான்ட்மேனேஜரின் ஆட்ஃபான்ட் வழியாகக் கோப்பின் பாதையைக் கொடுத்து, ஃபான்ட்.ஃபேமிலியில் அதன் பெயரைப் போடுங்கள். 3.6 பதிப்பு முதல் அங்கே ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்துருக்களை வரிசையாகக் கொடுக்கலாம், ஒன்றில் இல்லாத எழுத்தை அடுத்ததில் தேடும்.

ஆனால் அதோடு முடியாது. நான் பயன்படுத்திய பதிப்புகளில் பிஎன்ஜி படமாகச் சேமித்தால் எழுத்துகளைக் கோப்பது சரியாக நடப்பதில்லை. "கொள்ளளவு" என்பதில் ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னால் போகாமல் பின்னால் ஒட்டிக்கொள்ளும். மாதப் பெயர் எழுதினால் "மே", "செப்" இரண்டும் உடையும். படத்தை எஸ்விஜியாகச் சேமித்து, அதற்கு முன் எஸ்விஜி.ஃபான்ட்டைப் என்ற அமைப்பை நன் என்று மாற்றுங்கள். எழுத்துகள் வரைகோடுகளாக மாறாமல் எழுத்துகளாகவே கோப்பில் இருக்கும், உலாவி அவற்றை ஒழுங்காகக் கோத்துக் காட்டும். அந்த எழுத்துரு பார்ப்பவர் கணினியிலும் இருக்க வேண்டும். அச்சுக்கு அனுப்புவதென்றால் இங்க்ஸ்கேப்பில் திறந்து பிடிஎஃப் ஆக்கிக்கொள்ளுங்கள்.

தமிழ் லேபிள் ஒழுங்காக வராது என்று ஆங்கிலத்துக்குப் போய்விடாதீர்கள். இந்தப் படத்தைப் பார்க்க வேண்டியவர்கள் டெல்டாக்காரர்கள்.

பதில் 2

120க்குத் தனிப்பெயர் தர ஃபங்க்ஃபார்மேட்டர் இருக்கிறது. மதிப்பு, வரிசை எண் இரண்டையும் வாங்கிக்கொண்டு ஒரு சரத்தைத் திருப்பித் தரும் சிறு செயற்கூறு ஒன்றை எழுதுங்கள். மதிப்பு 120க்கு மிக அருகில் இருந்தால் "120 முழுக் கொள்ளளவு", இல்லையென்றால் வெறும் எண். சரிசமமா என்று நேராக ஒப்பிடாமல், வித்தியாசம் 0.01க்குக் குறைவா என்று பாருங்கள், தசம எண்களில் அதுதான் பத்திரம். இடத்துக்கு மல்டிபிள்லொக்கேட்டர் 20. 120ல் ஒரு மெல்லிய கிடைக்கோடும் போட்டுவிட்டால் கண்ணுக்கு உடனே பிடிபடும்.

டிஎம்சி அச்சுக்கு செகண்டரி_ஒய்ஆக்சிஸ். அதற்கு அடியை டிஎம்சியாக்கும் செயற்கூறும், டிஎம்சியை அடியாக்கும் செயற்கூறும் வேண்டும். உங்கள் அட்டவணையை, இடைப்பட்ட மதிப்புகளைக் கணக்கிட்டுத் தரும் நம்பையின் இன்டர்ப்புக்குக் கொடுத்தால் இரண்டும் கிடைத்துவிடும். ஒரு டிஎம்சி என்பது 100 கோடி கன அடி, 120 அடிக்கு 93.47 டிஎம்சி. அந்த அச்சில் 20, 40, 60, 80, 93.47 என்று நீங்களே குறிகளைக் கொடுங்கள். அவை சம இடைவெளியில் விழாது, மேலே போகப் போக நெருங்கும். அது கோளாறு இல்லை. அணை மேலே அகலம் என்பதால் அங்கே ஒவ்வோர் அடிக்கும் அதிகத் தண்ணீர் பிடிக்கும்.

இங்கே ஒரு பொறி உண்டு, கவனம். இடப்பக்க அச்சின் எல்லையை அழகுக்காக 125 வரை நீட்டியிருந்தால் வலப்பக்கம் பிசகும். இன்டர்ப் அட்டவணைக்கு வெளியே போனால் கடைசி மதிப்பையே திருப்பித் தரும். எனவே 125 அடிக்கும் 93.47 என்றே சொல்லும், அந்தக் குறி 120க்கு நேரே நிற்காமல் உச்சியில் போய் நிற்கும். எல்லையை 0 முதல் 120 வரை வைத்துக்கொள்ளுங்கள், அட்டவணையும் 0 அடியிலிருந்து தொடங்குகிறதா என்று பாருங்கள்.

கேட்டவர்

நான் 125 என்றுதான் வைத்திருந்தேன். 120 ஆக்கியவுடன் 93.47 கிடைக்கோட்டின் மேலேயே வந்து நின்றது. எஸ்விஜியில் "கொள்ளளவு" சரியாக வருகிறது. ஓரத்தில் அந்த லேபிள் பாதி வெட்டுப்பட்டது, சேமிக்கும்போது பிபாக்ஸ்_இன்ச்சஸ் என்பதற்கு டைட் என்று கொடுத்தேன், அதுவும் சரியாகிவிட்டது. பதில் சொன்ன மூவருக்கும் நன்றி. இழையைத் தீர்ந்தது என்று குறித்துவிடுகிறேன்.