தினமும் வசனம் அனுப்பினேன், "இனி அனுப்ப வேண்டாம்" என்று சொல்லிட்டாங்க

திருவட்டார் தங்கச்சி கேட்கிறார்:

எங்க சபையில் ஒரு அக்கா. பதினஞ்சு வருஷம் ஓய்வுநாள் பள்ளியில் பாட்டு சொல்லிக்கொடுத்தவங்க. நானும் அவங்ககிட்ட படிச்சவள்தான். தாளம் தப்பினால் பெஞ்சில் விரலால் ஒரு தட்டு, அவ்வளவுதான். திட்டினதே கிடையாது.

போன வருஷம் அவங்க வீட்டுக்காரர் மஸ்கட்டில் வேலை பார்த்த இடத்திலேயே இறந்துபோனார். அடக்கத்துக்கு ஊரே வந்தது. ஒரு மாசம் வீடு நிறைய ஆள், அப்புறம் ஒருத்தரும் இல்லை. எட்டு மாசமா அக்கா சர்ச்சுக்கு வரலை.

நானாவது விடக்கூடாதுன்னு தினமும் காலை அஞ்சு மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வசனம் அனுப்புவேன், ரோஜாப்பூ படத்தோட. நீல டிக் விழும், பதில் வராது. போன செவ்வாய்க்கிழமை வந்தது. "பிள்ளே, இனி அனுப்ப வேண்டாம். அந்த நேரத்தில் போன் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடக்கு."

மஸ்கட்டிலிருந்து அந்தச் செய்தி வந்ததும் விடியக்காலைதான். எனக்கு அது தெரியும். தெரிஞ்சும் யோசிக்கலை.

ஒருவரையொருவர் தேற்றுங்கள்னு பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியிருக்கார். அதை எப்படித்தான் செய்யிறது? வீட்டுக்குப் போனால் என்ன பேச? விட்டுடவும் மனசில்லை.

மார்த்தாண்டம் அண்ணன்:

வசனத்தில் தப்பில்லை தங்கச்சி. சவூதியில் வேலை போய் மூணு மாசம் ரூமில் கிடந்தப்போ எங்க அம்மா அனுப்பின சங்கீதம்தான் என்னைச் சோறு தின்ன வச்சது. ஆனால் அது அம்மா அனுப்பினது, எனக்குன்னு அனுப்பினது. நாற்பது பேருக்குப் போற அதே படம் எனக்கும் வந்திருந்தால் நானும் பார்த்துட்டு மூடி வச்சிருப்பேன்.

இராஜாக்கமங்கலம்:

நீதிமொழிகள் 27:14 வாசிங்க. அதிகாலையில் எழும்பி சத்தமா ஆசீர்வாதம் சொன்னால் அது சாபமா எண்ணப்படும்னு சாலொமோன் காலத்திலேயே எழுதியாச்சு! கோவப்படாதீங்க, எங்க குடும்பக் குரூப்பில் நாலரைக்கே பூவா வந்து விழுது.

குலசேகரம் பால்வெட்டுக்காரர்:

மக்களே, எனக்கு அறுபத்தி நாலு வயசு. பிரசங்கம் தெரியாது, ரப்பர் தெரியும்.

ஒக்கி புயல் அடிச்சது 2017 நவம்பர் 30. ஏழு வருஷம் வளர்த்து, அப்பதான் வெட்டத் தொடங்கின மரங்கள். காத்து அடங்கினபிறகு போய்ப் பார்த்தால் முக்கால்வாசி சாஞ்சு கிடக்கு. சிலது இடுப்பளவில் முறிஞ்சு, முறிஞ்ச இடத்திலிருந்து பால் சும்மா மண்ணுக்கு வடியுது. சிரட்டை வைக்கிறதுக்கு ஆள் இல்லாத பால். அதுக்கப்புறம் நான் கத்தியைத் தொடலை. கிறிஸ்துமஸுக்கும் சர்ச்சுக்குப் போகலை.

வந்தவங்க எல்லாரும் "யோபுவைப் பாரும், கர்த்தர் ரெட்டிப்பா தருவார்" என்றார்கள். எல்லாம் இழந்த யோபுவைத் தேற்ற வந்த கூட்டாளிகள் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்தது வரைக்கும் நல்ல மனுஷங்கதான். வாயைத் திறந்தபிறகுதானே வம்பு.

ஜனவரியில் எங்க உபதேசியார் வந்தார். திண்ணையில் உட்கார்ந்து கட்டன் சாயா குடிச்சார். ஜெபம்கூட பண்ணலை. எழும்பும்போது, "எனக்க மருமகனுக்கு வெட்டத் தெரியல்ல ஓய், கத்தி தடியில போய் முட்டுது, பட்டை பாழாவுது. ரெண்டு நாள் வந்து காட்டிக் குடும்" என்றார். போனேன். அவன் கத்தி மொண்ணை. முதல் நாள் கல்லில் தீட்டுறதிலேயே போச்சு. ரெண்டு நாள் ரெண்டு வாரமாச்சு. அவனுக்கு இன்னும் சரியா வெட்ட வராது, அது வேற கதை.

பர்னபாவுக்கு ஆறுதலின் மகன்னு பேரு. எருசலேமில் எல்லாரும் சவுலை, பிறகு பவுல்னு பேர் வந்த அதே ஆளை, கண்டு பயந்தப்போ கையோட கூட்டிட்டு உள்ளே போனவர் அவர். பிறகு தர்சு வரைக்கும் தேடிப் போனாரே, எதுக்கு? அந்தியோகியாவில் வேலை கிடந்தது. கூட்டிட்டு வந்து ஒரு வருஷம் சேர்ந்து உபதேசம் பண்ணினாங்க, அப்போஸ்தலர் 11-ல் இருக்கு. சவுலை உட்கார வச்சு ஆறுதல் சொன்னதா அங்க நான் வாசிக்கலை.

அந்த அக்காகிட்ட உனக்கு என்ன வேணும்? உள்ளபடியே வேணும், நடிக்கப்படாது. அதைப் போய்க் கேளு.

திருவட்டார் தங்கச்சி (பத்து நாள் கழிச்சு):

பெரியப்பா, போனேன். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற கீர்த்தனையில் சரணம் மேலே ஏறுற இடம் எனக்கு உள்ளபடியே வராது. நான் விழுற இடத்திலேயே இருபத்திரண்டு பிள்ளைகளும் விழுதுங்க.

சாயங்காலம் நாலரைக்குத்தான் போனேன், காலையில் இல்லை! வாசலில் நின்னே பாடிக் காட்டினேன். மூணாவது வரியில் கதவில் விரலால் ஒரு தட்டு. "அங்க மூச்சு விடாதே." இன்னொரு தடவை பாடினேன். இன்னொரு தட்டு.

வேற ஒண்ணும் பேசலை. சர்ச்சுக்கு வாறேன்னும் சொல்லலை. நான் படி இறங்கும்போதுதான், "வியாழக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிட்டு வருவியா? எத்தனை பேருன்னு முன்னாடியே சொல்லணும், சாயாவுக்குப் பால் வாங்கணும்" என்றாங்க.