விலை உறை பிரிக்காமலேயே

தெற்குத் தெரு வீடு (குழு)
26 ஜனவரி 2025, ஞாயிறு

அத்தை, காலை 8:41
எல்லோருக்கும் குடியரசு தின வாழ்த்துகள். எங்கள் குடியிருப்பில் கொடியேற்றி லட்டு கொடுத்தார்கள். மாமா இரண்டு தின்றுவிட்டார், சர்க்கரை மாத்திரை ஒன்றுதான் போட்டிருக்கிறார்.

மாமா, 8:43
ஒன்றரை.

கார்த்தி அண்ணன், 8:52
சித்தப்பா, ஒரு சந்தேகம். கடற்படைக்கு 6 நீர்மூழ்கி வாங்கும் டெண்டரில் எல் அண்ட் டி-யைத் தள்ளிவிட்டார்களாம். விலை உறையைக்கூடத் திறக்கவில்லையாம். 43,000 கோடி ரூபாய் மதிப்பு போட்ட திட்டம். விலையையே பார்க்காமல் தோற்றவர் யார் என்று எப்படி முடிவு செய்தார்கள்? மும்பை அரசுக் கப்பல் தளமான மசகானுக்குக் கொடுப்பது என்று முன்னாடியே பேசி வைத்ததுதானே?

மாமா, 8:55
விலையைப் பார்த்துவிட்டுத் தள்ளியிருந்தால்தான் நீ சந்தேகப்பட வேண்டும்.

மாமா, 8:59
முப்பது வருடம் பொதுப்பணித் துறையில் டெண்டர் பிரித்தவன் சொல்கிறேன். அங்கேயும் இரண்டு உறைதான். முதல் உறையில் தகுதி, இரண்டாவதில் விலை. முதலில் தேறாதவரின் இரண்டாவது உறையைப் பிரிக்காமல் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ராணுவக் கொள்முதலிலும் அதே விதிதான். பிரித்துப் பார்த்துவிட்டு "அடடா, இவன் ஆயிரம் கோடி குறைவாகப் போட்டிருக்கிறானே" என்று தெரிந்துவிட்டால், அதன் பிறகு தகுதி என்ற பேச்சே எடுபடாது. எல்லோரும் விலையைத்தான் பிடித்துக்கொண்டு தொங்குவார்கள்.

கார்த்தி அண்ணன், 9:01
சரி, ஆனால் எல் அண்ட் டி-க்குத் தகுதி இல்லையா? அரிஹந்த் அணுசக்தி நீர்மூழ்கியின் உடற்கூட்டை ஹசிராவில் செய்தவர்களே அவர்கள்தான். காட்டுப்பள்ளியில் சொந்த யார்டு வேறு.

சித்தப்பா, 9:08
கட்டும் திறமையில் குறை சொல்லவில்லை கார்த்தி. மாட்டிக்கொண்டது ஏ.ஐ.பி.யில்.

அத்தை, 9:09
அது என்ன தம்பி? நான் படிப்பது எல்.ஐ.சி. மட்டும்தான்.

சித்தப்பா, 9:17
அக்கா, நாங்கள் ஓட்டிய படகுகள் தண்ணீருக்குள் பேட்டரியில் ஓடும். பேட்டரி இறங்கினால் மேலே வந்து ஸ்நார்கெல் குழாயை மட்டும் நீட்டி, காற்றை இழுத்து, டீசல் எஞ்சினை ஓட்டி சார்ஜ் ஏற்ற வேண்டும். எங்களுக்கு வயிற்றைக் கலக்கும் நேரம் அதுதான். குழாய் ராடாரில் தெரியும், எஞ்சின் சத்தம் சோனாரில் கேட்கும். ஏ.ஐ.பி. என்றால் வெளிக்காற்று இல்லாமலேயே உள்ளே மின்சாரம் செய்வது. மெதுவாகப் போனால் இரண்டு வாரம்கூட மேலே வராமல் கிடக்கலாம்.

இந்த டெண்டரில் போட்ட நிபந்தனை: அந்தக் கருவி கடலில், நீர்மூழ்கிக்குள், ஏற்கெனவே ஓடிக் காட்டியதாக இருக்க வேண்டும். மசகான் ஜெர்மனியின் தைசன்குரூப்புடன் சேர்ந்து வந்தது. ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் சேர்த்து மின்சாரம் செய்யும் அவர்களுடைய எரிகலன் ஜெர்மன் கடற்படையின் 212ஏ படகுகளில் 2005 முதல் ஓடுகிறது. எல் அண்ட் டி ஸ்பெயினின் நவான்டியாவோடு வந்தது. நம் குழு போன மார்ச்சில் ஜெர்மனியின் கீல் போய்ப் பார்த்தது, ஜூனில் ஸ்பெயினின் கார்த்தஹேனா போனது. கார்த்தஹேனாவில் காட்டியது கரையில் ஒரு கூடத்தில் ஓடும் கருவியை.

கயல் (நான்), 9:20
கரையில் நன்றாக ஓடினால் கடலில் ஓடாதா சித்தப்பா?

சித்தப்பா, 9:26
ஓடலாம். ஸ்பெயின்காரர்கள் செய்திருப்பது கெட்டிக்காரத்தனமான வேலை, அதை மறுக்கவில்லை. ஜெர்மன்காரன் ஹைட்ரஜனை உலோக உருளைகளில் அடைத்துக்கொண்டு போகிறான். இவர்கள் பயோஎத்தனாலை ஊற்றிக்கொண்டு போய், உள்ளேயே ஹைட்ரஜனைப் பிரித்து எடுக்கிறார்கள். அப்படிப் பிரிக்கும்போது கார்பன் டை ஆக்சைடு வரும். அதைச் சத்தமில்லாமல், குமிழ் தெரியாமல் கடலில் கரைத்துவிட வேண்டும். படகு சாயும், ஆழம் மாறும், உள்ளே நாற்பது பேர் மூச்சு விடுவார்கள். அதையெல்லாம் கூடத்தில் எப்படிப் பார்ப்பது?

அவர்கள் சொந்தக் கடற்படைக்கே 2023 நவம்பரில் எஸ்-81 படகைக் கொடுத்தபோது ஏ.ஐ.பி. இல்லாமல்தான் கொடுத்தார்கள். அந்தப் படகுக்கு இன்னொரு கதையும் உண்டு. 2013இல் பார்த்தால் எடை 75 டன்னுக்கு மேல் கூடிப்போயிருந்தது. மூழ்கினால் மேலே வருமா என்று பயந்து, அமெரிக்கர்களைக் கூப்பிட்டு, நீளத்தைக் கூட்டி மிதக்க வைத்தார்கள்.

மாமா, 9:28
எங்கள் ஆட்கள் கட்டிய ஒரு மேல்நிலைத் தொட்டி ஞாபகம் வருகிறது. ஊர் பெயர் சொல்ல மாட்டேன்.

அத்தை, 9:28
சொல்லவே சொல்லாதீர்கள், மருமகள் ஊர் அது.

கார்த்தி அண்ணன், 9:33
சரி, புரிகிறது. ஆனால் ஒரு நிபந்தனையைக் கொஞ்சம் தளர்த்தினால் போட்டி இருந்திருக்கும் இல்லையா? இப்போது ஒரே ஆள். கேட்ட விலைதான்.

மாமா, 9:41
அங்கேதான் சிக்கல். 2021 ஜூலையில் டெண்டர் விட்டபோது வெளிநாட்டுப் பங்காளிகளாக ஐந்து பேரைப் பட்டியலில் வைத்திருந்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் 2022லேயே "இந்த நிபந்தனைக்கு எங்களால் வர முடியாது" என்று ஒதுங்கிவிட்டார்கள். இதே ஏ.ஐ.பி. நிபந்தனைதான் காரணம். இப்போது ஸ்பெயினுக்காக அதைத் தளர்த்தினால் பிரெஞ்சுக்காரன் என்ன கேட்பான்? "இது தெரிந்திருந்தால் நானும் வந்திருப்பேனே" என்பான். அதற்குப் பதில் கிடையாது. டெண்டர் விட்ட பிறகு நிபந்தனையில் கை வைத்தால், உள்ளே இருப்பவன் சும்மா இருந்தாலும் வெளியே நிற்பவன் விடமாட்டான்.

ஆகவே திட்ட வேண்டுமானால் 2021இல் நிபந்தனை எழுதிய மேசையைத் திட்டு. 2025இல் மதிப்பீடு செய்தவர்களுக்கு அதைப் படித்து டிக் போடுவதைத் தவிர வேறு வழி இல்லை.

மாமா, 9:44
ஒரே ஆள் என்றாலும் கேட்ட விலை கொடுத்துவிட மாட்டார்கள். விலைப் பேச்சுக் குழு, உறையைப் பிரிக்கும் முன்பே நியாயமான விலை இவ்வளவு என்று தானாக ஒரு கணக்குப் போட்டு வைக்க வேண்டும். பேரம் அதிலிருந்துதான். அந்தக் கணக்கு எவ்வளவு சரியாக இருக்கும் என்பது வேறு விஷயம், இந்த வகைப் படகை நாம் வாங்கியதே இல்லையே.

கயல் (நான்), 9:52
எனக்கு வேறு ஒன்று இடிக்கிறது. நம் ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ அம்பர்நாத் ஆய்வகத்தில் செய்த ஏ.ஐ.பி. 2021 மார்ச்சில் ஓடிக் காட்டியது கரையில்தான். போன மாதம் 30ஆம் தேதி அதைப் பிரெஞ்சு வடிவமைப்பில் மசகான் கட்டிய கல்வரி வகைப் படகுகளில் பொருத்த மசகானோடு சுமார் 1,990 கோடிக்கு ஒப்பந்தம் போட்டார்கள். அப்படியென்றால் கரையில் ஓடிய நம் கருவி படகுக்குள் போகலாம், கரையில் ஓடிய ஸ்பெயின் கருவி டெண்டருக்குள்ளேயே வரக் கூடாதா?

கார்த்தி அண்ணன், 9:53
கயல் அடித்தாள் பார்.

மாமா, 9:54
மச்சான், இது உங்கள் பந்து.

இந்த மெசேஜ் நீக்கப்பட்டது (சித்தப்பா)

சித்தப்பா, 10:10
நல்ல கேள்விம்மா. எழுதி அழித்துவிட்டு மறுபடி எழுதுகிறேன்.

நம் கருவியில் கோளாறு வந்தால் அதைத் திறந்து பார்க்கும் உரிமை நமக்கு இருக்கிறது. வரைபடம் நம்மிடம், செய்த ஆள் அம்பர்நாத்தில். அதைப் பொருத்தாவிட்டாலும் அந்தப் படகு பேட்டரியிலும் டீசலிலும் ஓடும். காசு கொடுத்து வாங்கும் ஆறு புதுப் படகுகளில் அந்தச் சோதனையை ஏன் செய்ய வேண்டும் என்று கடற்படை நினைத்திருக்கும். இது ஒரு நியாயம்.

ஆனால் உன் கேள்வி இதோடு முடியவில்லை என்று எனக்கும் தெரியும். 60 சதவீதம் உள்நாட்டுப் பொருளாக ஆறாவது படகு இருக்க வேண்டும் என்று அதே டெண்டரில் எழுதிவிட்டு, அதன் முக்கியமான கருவியை ஜெர்மனியிடம் வாங்குகிறோம்.

சித்தப்பா, 10:22
வெளிநாட்டை நம்பியிருக்கும் இந்தப் பயத்துக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 1981இல் இதே கீல் நகரத்து எச்டிடபிள்யூ கப்பல் நிறுவனத்திடம் நான்கு படகு. இரண்டு அங்கே கட்டியது, இரண்டு மசகானில். நம் வெல்டர்கள் அங்கே போய்ப் படித்து வந்தார்கள். 1987இல் 7 சதவீதக் கமிஷன் என்று ஒரு தந்தி கிளம்பியது. ஊரே அமளி. அடுத்த இரண்டு படகு நின்றது. 1994இல் அந்த நான்கில் கடைசியான சங்குல் கடற்படையில் சேர்ந்ததோடு மசகானில் நீர்மூழ்கி வேலையே இல்லை. கற்று வந்தவர்கள் ஓய்வு பெற்றார்கள், வேறு வேலைக்குப் போனார்கள். வழக்கு கடைசியில் எதுவும் நிரூபிக்காமல் மூடப்பட்டது. 2005இல் பிரெஞ்சுப் படகுக்குக் கையெழுத்துப் போட்டபோது வெல்டிங்கை மறுபடி முதலிலிருந்து கற்க வேண்டியிருந்தது. முதல் படகு 2012இல் வர வேண்டியது, வந்தது 2017 டிசம்பரில். அதுவும் புது கனரக டார்பிடோ இல்லாமல். இத்தாலியிடம் வாங்கவிருந்த 98 பிளாக் ஷார்க் டார்பிடோக்களை 2016இல் ரத்து செய்தார்கள், ஏனென்றால் அதைச் செய்யும் கம்பெனியின் தாய் நிறுவனம் ஹெலிகாப்டர் ஊழல் வழக்கில் சிக்கியிருந்தது.

அந்தப் பிரெஞ்சு வகையில் ஆறாவது படகு வாக்ஷீர் கடற்படையில் சேர்ந்தது இந்த மாதம் 15ஆம் தேதி. 1999இல் போட்ட திட்டம் என்ன தெரியுமா? 30 வருடத்தில் 24 படகு.

இப்போது நாம் மறுபடி போய் நிற்பது அதே கீல் வாசலில். எச்டிடபிள்யூ-தான் தைசன்குரூப்புக்குள் இருக்கிறது.

கார்த்தி அண்ணன், 10:25
ஐயோ. சித்தப்பா, அப்போது மசகான் பங்கு வைத்திருக்கலாமா விற்கலாமா?

சித்தப்பா, 10:26
டேய்.

மாமா, 10:27
இதற்குத்தானா இவ்வளவு நேரம் டைப் செய்ய வைத்தாய்? என் கட்டைவிரல் வலிக்கிறது.

ஆச்சி, 10:31
(குரல் செய்தி, 0:19)

கயல் (நான்), 10:34
ஆச்சி சொன்னதை எழுதுகிறேன், சித்தப்பா காது மெஷின் போட்டிருக்க மாட்டார்: "தண்ணிக்குள்ள இருக்கவனுக்கு இங்கிருந்து எப்படி சேதி போகும்? விசயநாராயணத்துல நிக்க அந்தக் கம்பத்துல இருந்துதான?"

சித்தப்பா, 10:37
ஆமாம் அம்மா. ஐ.என்.எஸ். கட்டபொம்மன், கடற்படையின் வானொலி நிலையம். 1990இலிருந்து நம் ஊர்ப் பக்கத்திலிருந்துதான் படகுக்குச் சேதி போகிறது. ஆனால் அந்தச் சேதி ஒரு பக்கம்தான் போகும், கீழே இருப்பவன் பதில் சொல்ல முடியாது.

சித்தி, 10:41
அதெல்லாம் இருக்கட்டும். விசாகப்பட்டினத்திலிருந்து இவர் லீவில் வந்தால் பெட்டியைத் திறக்கும்போதே தெரு முனை வரைக்கும் டீசல் வாசம். மூன்று தடவை துவைத்தாலும் போகாது. இந்த ஏ.ஐ.பி. வந்தால் அந்தப் பெண்டாட்டிகளுக்காவது நிம்மதியா?

சித்தப்பா, 10:43
இல்லை. டீசல் எஞ்சின் அப்படியேதான் இருக்கும்.

சித்தி, 10:43
43,000 கோடி.