ஒன்றரை வயது: ஒரு வேளை தட்டு காலி, அடுத்த வேளை வாயே திறப்பதில்லை

கேள்வி: குட்டிப்பையன் அம்மா

என் பையனுக்கு ஒன்றரை வயசு, எடை 10.4 கிலோ. முதல் பிறந்தநாள் வரைக்கும் எது குடுத்தாலும் ஆசையா வாங்கிப்பான். இப்போ காலையில ஒரு முழு முட்டையும் வாழைப்பழமும் உள்ளே போகுது, மதியம் ரெண்டு வாய்க்கு மேல தலையைத் திருப்பிக்கிறான், ராத்திரி தட்டையே தள்ளி விடுறான். நேத்து கேட்டு வாங்கிச் சாப்பிட்ட உருளைக்கிழங்கை இன்னைக்குத் தொடவே இல்லை. விளையாட்டுல, தூக்கத்துல ஒரு குறையும் கிடையாது. வெறும் வயித்தோட தூங்கக் கூடாதேன்னு ராத்திரி பாட்டில்ல பால் குடுத்துப் படுக்க வைக்கிறேன். போனைக் காட்டி ஊட்டினா இன்னும் ரெண்டு வாய் போகும்னு வீட்டுல சொல்றாங்க, எனக்கு அதுல மனசு ஒப்பலை. வேற என்னதான் பண்றது?

பதில்: ஓய்வுபெற்ற செவிலி

அம்மாடி, முதல்ல எடைக் கணக்கைப் பாரு. 3 கிலோவோட பிறக்குற குழந்தை ஒரு வயசுல 9 கிலோ பக்கம் வந்துடும். அடுத்த ஒரு வருஷம் முழுக்க அது கூடுறது ரெண்டு, ரெண்டரை கிலோதான். வளர்ற வேகம் குறையுறப்போ பசியும் குறையத்தான் செய்யும். தடுப்பூசி போட வர்ற தாய்மார்கள்கிட்ட என் வேலைக்காலம் முழுக்க நான் அதிகமா சொன்ன வார்த்தை இதுதான்.

ஒரு வேளையை வெச்சு முடிவு பண்ணாதே. 1991ல் அமெரிக்காவுல ரெண்டுல இருந்து அஞ்சு வயசுக்குள்ள இருந்த 15 குழந்தைங்க சாப்பிட்டதை அளந்து பார்த்தாங்க. ஒவ்வொரு வேளை அளவும் மூணுல ஒரு பங்கு போல ஏறி இறங்கியிருக்கு. நாள் மொத்தத்தைக் கூட்டினா வித்தியாசம் வெறும் 10 சதவீதம் அளவுதான். மதியம் விட்டதைக் குழந்தை தானே ஈடுகட்டிக்குது. அதனால ஒரு வாரத்தைச் சேர்த்துப் பாரு.

பால் ஒரு நாளைக்கு எவ்வளவு போகுது? அதை மட்டும் சொல்லு. என் சந்தேகமெல்லாம் அங்கேதான்.

பதில்: இரட்டையர் அப்பா

போன் வேண்டவே வேண்டாம், உங்க மனசு சொல்றது சரி. திரையைப் பார்த்துக்கிட்டே விழுங்குற பிள்ளைக்கு வயிறு நிறைஞ்சது தெரியாம போயிடும்.

எங்க வீட்டுல ரெண்டு பேருக்கும் ஒரே வயசு, ஒரே சாப்பாடு. ஒருத்தி தட்டை வழிச்சுச் சாப்பிடுவா, இன்னொருத்தி கொறிப்பா, அடுத்த வாரம் அப்படியே தலைகீழ். எலின் சாட்டர்னு ஒரு அமெரிக்க ஊட்டச்சத்து நிபுணர் பிரிச்சுக் குடுத்த பொறுப்பைத்தான் நாங்க பிடிச்சுக்கிட்டோம்: என்ன, எப்போ, எங்கே சாப்பாடுங்கிறது பெரியவங்க கையில. சாப்பிடுறதா வேண்டாமா, எவ்வளவுங்கிறது பிள்ளை கையில. ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை உட்கார வைப்போம், நாங்களும் கூடவே உட்கார்ந்து சாப்பிடுவோம். நடுவுல தண்ணி மட்டும். எழுந்து ஓடினா துரத்துறது இல்லை, தட்டை எடுத்துடுவோம். அழுகை இருந்துச்சு, என் மனைவிக்கு அது ரொம்பக் கஷ்டமா இருந்தது. ஆனா அடுத்த வேளைக்கு நிஜமான பசியோட வந்தாங்க.

ஒதுக்குற காய்கறியை நிறுத்திடாதீங்க. புதுசா எதைப் பார்த்தாலும் பயப்படுற வயசு இது. பத்துப் பதினஞ்சு தடவை கண்ணுல பட்டப்புறம்தான் சில பிள்ளைங்க வாயில வைக்கும். தெரிஞ்ச சாப்பாட்டுப் பக்கத்துல ஒரே ஒரு துண்டு போதும், "ஒரு வாய் மட்டும்"னு கெஞ்சாதீங்க.

குட்டிப்பையன் அம்மா

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. பால் காலையில 200, சாயங்காலம் 200, ராத்திரி 250 மில்லி. நடுராத்திரி சிணுங்கினா இன்னொரு பாட்டில். ராத்திரிப் பாலை நிறுத்தினா பசியில எழுந்துக்க மாட்டானா?

பதில்: ஓய்வுபெற்ற செவிலி

நினைச்சேன்மா. நடுராத்திரிப் பாட்டிலை விட்டாலே 650 ஆகுது. இந்த வயசுக்கு நாள் முழுக்க அரை லிட்டர் தாண்டக் கூடாது. அதுக்கு மேல போற பால் வயித்தை அடைச்சுடும், அதுல இரும்புச்சத்தும் ரொம்பக் குறைவு. பாலாலேயே வளர்ற பிள்ளைக்கு ரத்தசோகை வரும், ரத்தசோகை வந்தா பசி இன்னும் மந்தமாகும். ஒண்ணு இன்னொண்ணை இழுத்துக்கிட்டே போகும்.

முதல்ல நடுராத்திரிப் பாட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமா அளவு குறைச்சு நிறுத்து. படுக்கைப் பாலை ராத்திரிச் சாப்பாட்டோட கப்புல குடு, பல் தேய்ச்சு விட்டு அப்புறம் தூங்க வை. பாட்டில் வாயில இருக்க தூங்குற பழக்கம் முன்பல்லைத்தான் முதல்ல அரிக்கும். சில ராத்திரி சிணுங்குவான், தட்டிக் குடு. பருப்பு, முட்டை, கீரை, சாப்பிடுற வீடுன்னா இறைச்சி, இதுல ஏதாவது தினமும் தட்டுல இருக்கட்டும். கூடவே ஆரஞ்சு, தக்காளி மாதிரி ஏதாவது இருந்தா இரும்புச்சத்து நல்லா உடம்புல சேரும்.

தானே எடுத்துச் சாப்பிடுற வயசு, அதனால இதையும் கேட்டுக்கோ: திராட்சையை நீளவாக்குல நாலா நறுக்கிக் குடு, கேரட்டை வேகவை, முழுக் கொட்டைப் பருப்பு எதுவும் வேண்டாம்.

10.4 கிலோங்கிறது ஒன்றரை வயசு ஆண் பிள்ளைக்கு நல்ல எடைதான். ஆனா தடுப்பூசி அட்டையில இருக்குற பழைய எடைகளையும் வளர்ச்சி வரைபடத்துல குறிச்சுப் பாரு. கோடு அவன் போக்குலயே போனா நிம்மதியா இரு. எடை இறங்கினா, முகம் வெளுத்தா, மண்ணைத் தின்னா, விழுங்குறப்போ அடிக்கடி புரையேறினா, சாப்பிடுற வகைகள் வாரா வாரம் சுருங்கிக்கிட்டே போனா உடனே குழந்தை மருத்துவர்கிட்ட கூட்டிட்டுப் போ. இத்தனை நாள் பால் அதிகமா போயிருக்கிறதால, அடுத்த தடுப்பூசிக்குப் போறப்போ ரத்தத்துல ஹீமோகுளோபின் பார்க்கலாமான்னு நீயே கேளு.