நோமோன்: சூரியக் கடிகாரத்திலும் வடிவியலிலும்

கேள்வி:
சூரியக் கடிகாரத்தில் நிழல் விழச் செய்யும் உறுப்பாகிய நோமோன், சிலவற்றில் செங்குத்தான கோலாகவும் வேறு சிலவற்றில் சாய்ந்த விளிம்புள்ள முக்கோணத் தகடாகவும் இருப்பது ஏன்? ஓர் இணைகரத்தின் மூலையிலிருந்து அதே வடிவுள்ள சிறிய இணைகரத்தை நீக்கினால் எஞ்சும் உருவத்தையும் யூக்ளிட் இப்பெயராலேயே குறிக்கிறார். இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

மறுமொழி 1:
செங்குத்துக் கோல் என்பது நம் பழைய வானியல் நூல்கள் கூறும் சங்குதான். அதை மையமாகக் கொண்டு தரையில் ஒரு வட்டம் வரைந்து, நிழலின் நுனி முற்பகலில் வட்டத்தைத் தொடும் புள்ளியையும் பிற்பகலில் தொடும் புள்ளியையும் இணைத்தால் கிழக்கு மேற்குக் கோடு கிடைத்துவிடும். திசை அறிய இவ்வளவு எளிய கருவி வேறில்லை என்பேன். மணி அறிவதற்கோ அது ஏற்றதன்று. சூரியன் ஆண்டுதோறும் வடக்கும் தெற்குமாக நகர்வதால், காலை ஒன்பது மணிக்கு நிழல் விழும் திசை ஜூனில் ஒன்றாகவும் டிசம்பரில் வேறாகவும் இருக்கும். விளிம்பைப் புவியின் அச்சுக்கு இணையாகச் சாய்த்து வைத்தால், சூரியன் அந்த அச்சைச் சுற்றியே நகர்வதாகத் தோன்றுவதால், ஒரு மணிக்குரிய நிழல் எப்பருவத்திலும் ஒரே கோட்டில் விழும். எனவே சாய்வுக் கோணம் அவ்விடத்தின் அட்சரேகைக்குச் சமமாக இருக்க வேண்டும். ஜெய்ப்பூரில் சுமார் 27 மீட்டர் உயரமுள்ள சாம்ராட் யந்திரம் என்னும் மாபெரும் சூரியக் கடிகாரத்தின் சாய்வு ஏறத்தாழ 27 பாகை.

மறுமொழி 2:
வடிவியலுடன் உள்ள தொடர்பு செங்கோணமே. நிறுத்திய கோல் தரையுடன் செங்கோணம் அமைக்கிறது. தச்சர்கள் செங்கோணம் பார்க்கும் L வடிவ மூலைமட்டத்தையும் கிரேக்கர்கள் நோமோன் என்றே அழைத்தனர். சதுரத்தின் ஒரு மூலையில் சிறு சதுரத்தை நீக்கினால் எஞ்சுவது அந்த மூலைமட்டத்தின் வடிவம். யூக்ளிட் அதை எல்லா இணைகரங்களுக்கும் விரித்தார். எனக்குப் பிடித்தது எண்களில் அது வரும் இடம்: ஒரு புள்ளியைச் சுற்றி 3 புள்ளிகளை மூலைமட்டம் போல அடுக்கினால் 4, அதன்மேல் 5 அடுக்கினால் 9, பின்னர் 7 அடுக்கினால் 16 என, ஒற்றைப்படை எண்கள் ஒவ்வொன்றும் அடுத்த சதுரத்தை நிறைவு செய்கின்றன.

கேட்டவர்:
நன்றி. தகட்டைக் காந்த ஊசி காட்டும் வடக்கை நோக்கி வைத்தால் போதுமா?

மறுமொழி 1:
போதாது. புவியின் காந்த முனை வேறு, சுழல்முனை வேறு. முன்னர்ச் சொன்ன வட்ட முறையால் மெய்யான வடக்கைக் கண்டறிந்து வையுங்கள். அதன் பிறகும், புவியின் பாதை நீள்வட்டமாகவும் அச்சு சாய்ந்தும் இருப்பதால், நவம்பர் தொடக்கத்தில் நிழல், ஆண்டு முழுவதும் சீராக ஓடுவதாகக் கொள்ளும் சராசரிச் சூரிய நேரத்தைவிட ஏறத்தாழ 16 நிமிடம் முந்தியும் பிப்ரவரி நடுவில் 14 நிமிடம் பிந்தியும் காட்டும். அதைத் தகட்டின் பிழையாகக் கருதிச் சாய்வை மாற்றிவிடாதீர்கள்.