74எல்எஸ்00 ஐசிக்குப் பதில் 4011 ஐசி போட்டதும் பாட்டியின் அழைப்பு விளக்கு தாறுமாறாக எரிகிறது – உதவி தேவை

மின்மினி:
வணக்கம். என் பாட்டி இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் இருக்கிறார். அவர் கூப்பிடுவது சமையலறை வரை கேட்பதில்லை. அதனால் கட்டிலில் ஒரு பொத்தான், சமையலறையில் ஒரு சிவப்பு எல்இடி வைக்க நினைத்தேன். பாட்டி ஒருமுறை அழுத்தினால் விளக்கு எரிந்துகொண்டே இருக்க வேண்டும். அம்மா இன்னொரு பொத்தானை அழுத்தினால்தான் அணைய வேண்டும். இரண்டு நேண்ட் கேட்டை (இரண்டு உள்ளீடும் 1, அதாவது உயர்ந்த மின்னழுத்தத்தில், இருந்தால் மட்டும் 0 தரும் சுற்று) குறுக்காக இணைத்த லாட்ச்தான், அதாவது கடைசி நிலையை அப்படியே பிடித்து வைத்திருக்கும் சுற்று.

கல்லூரி ஆய்வகத்தில் 74எல்எஸ்00 வைத்துச் செய்தபோது நன்றாக வேலை செய்தது. வீட்டுக்கு வாங்கப் போனபோது கடையில் அது இல்லை. "இதிலும் நாலு நேண்ட், 14 கால்தான்" என்று சிடி4011 கொடுத்தார்கள். அதே இடத்தில் செருகினேன். இப்போது எல்இடி மங்கலாக எரிகிறது, கையை அருகில் கொண்டுபோனால் மாறுகிறது. ஐசி லேசாகச் சுடுகிறது. 3-ஆம் காலில் 2.3 வோல்ட் இருக்கிறது.

இணைப்பு (எண்கள் எல்லாம் ஐசியின் கால் எண்கள்): 1-இல் பாட்டியின் பொத்தான், 5-இல் அம்மாவின் பொத்தான். அழுத்தினால் இரண்டும் கிரவுண்டைத் தொடும். 3-லிருந்து 4-க்கு ஒரு வயர், 6-லிருந்து 2-க்கு ஒரு வயர். 3-லிருந்து 330 ஓம் வழியாக எல்இடி. 14-இல் 5 வோல்ட், 7 கிரவுண்ட். ஐசி போய்விட்டதா?

பழைய ரேடியோ:
தம்பி, ஐசியை உடனே கழற்றி வையுங்கள். போயிருக்காது என்றுதான் நினைக்கிறேன். கால் எண்களோடு எழுதியது நல்லதாயிற்று, கோளாறு அதிலேயே தெரிகிறது.

இரண்டிலும் நாலு நேண்ட் கேட் உண்டு, ஆனால் உள்ளே அடுக்கிய விதம் வேறு. 7400-இல் (உங்கள் 74எல்எஸ்00 இந்த வகைதான்) இரண்டாவது கேட்டுக்கு 4, 5 உள்ளீடு, 6 வெளியீடு. 4011-இல் 5, 6 உள்ளீடு, 4 வெளியீடு. மூன்றாவது கேட்டும் அப்படித்தான்: 7400-இல் 8 வெளியீடு, 4011-இல் 10. முதல் கேட்டும் நான்காவது கேட்டும் இரண்டிலும் ஒன்றுபோல இருப்பதால்தான் பலர் ஏமாறுகிறார்கள். 7400 டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கொண்டுவந்த வரிசை, 4000 வரிசை 1968-இல் ஆர்சிஏ கொண்டுவந்தது. ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்று வடிவமைக்கப்படவில்லை.

நீங்கள் 3-ஐயும் 4-ஐயும் சேர்த்திருக்கிறீர்கள். 4011-இல் இரண்டுமே வெளியீடு. ஒன்று 5 வோல்ட்டுக்கு இழுக்க, மற்றொன்று 0-க்கு இழுக்கிறது. அந்த இழுபறிதான் 2.3 வோல்ட், சூடும் அதனால்தான். 2-உம் 6-உம் உள்ளீடுகள், ஒன்றோடொன்று சேர்ந்து அந்தரத்தில் நிற்கின்றன.

4-இல் இருக்கும் வயரையும் 6-இல் இருக்கும் வயரையும் இடம் மாற்றுங்கள். வேறெதையும் தொடாமல் என்ன ஆகிறது என்று சொல்லுங்கள்.

மின்மினி:
நன்றி ஐயா. மாற்றினேன், சூடு நின்றுவிட்டது. பொத்தான் அழுத்தினால் எரிகிறது, அணைகிறது. ஆனால் பாட்டி தொடாமலே எரிகிறது. மிக்சி போட்டால் கட்டாயம் எரிகிறது. கட்டிலுக்கு 6 மீட்டர் வயர் போகிறது. ஆய்வகத்தில் இந்தத் தொல்லையே இல்லையே?

ஆய்வக உதவியாளர்:
ஆய்வகத்தில் இல்லாததற்குக் காரணம் 74எல்எஸ்00 ஒரு டிடிஎல் ஐசி, அதாவது சாதாரண டிரான்சிஸ்டர்களால் ஆனது. அதன் உள்ளீட்டிலிருந்து சிறிது மின்னோட்டம் வெளியே வரும். அதைக் கிரவுண்டுக்கு இழுத்தால்தான் 0. எதுவும் இணைக்காமல் விட்டால் 1 என்றே எடுத்துக்கொள்ளும். பொத்தானைத் தொடாதபோது உங்களுக்கு வேண்டியதும் 1 தானே, அதனால் பிழை வெளியே தெரியவில்லை. டிடிஎல்லிலும் அப்படி விடுவது சரியான பழக்கம் இல்லை.

4011 சீமாஸ், அதாவது மாஸ்ஃபெட் என்ற வேறு வகை டிரான்சிஸ்டர்களால் ஆனது. அதன் உள்ளீடு மெல்லிய ஆக்சைடு படலத்தால் பிரிக்கப்பட்ட, மாஸ்ஃபெட்டின் 'கேட்' என்ற முனை (நேண்ட் கேட் வேறு). மின்னோட்டம் ஏறக்குறைய இல்லை. அதனால் சும்மா விட்டால் 0-உம் இல்லை, 1-உம் இல்லை. உங்கள் 6 மீட்டர் வயர் ஆன்டெனா போல வீட்டின் 50 ஹெர்ட்ஸையும் மிக்சியின் இரைச்சலையும் பிடித்து உள்ளே கொடுக்கிறது. மீட்டரால் அளந்தும் இதைப் பிடிக்க முடியாது, மீட்டரின் 10 மெகா ஓமே அந்தக் காலைக் கிரவுண்டுக்கு இழுத்துவிடும்.

இரண்டு பொத்தான் வயர்களிலிருந்தும் 5 வோல்ட்டுக்கு ஆளுக்கொரு 10 கிலோ ஓம் புல்-அப், அதாவது உள்ளீட்டை 1-இல் நிறுத்தும் ரெசிஸ்டர், போடுங்கள் (நிறக்கோடுகள் பழுப்பு, கருப்பு, ஆரஞ்சு). பாட்டியின் வயர் நீளம் என்பதால் அதை 1 கிலோ ஓம் வழியாக 1-ஆம் காலுக்குக் கொண்டுவந்து, அந்தக் காலிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 104 (0.1 மைக்ரோஃபாரட்) செராமிக் கெப்பாசிட்டர் வையுங்கள். 14-க்கும் 7-க்கும் நடுவில் ஐசியை ஒட்டியே இன்னொரு 104. பயன்படுத்தாத உள்ளீடுகள் 8, 9, 12, 13 எல்லாம் கிரவுண்டில் இருக்கட்டும். 10, 11 வெளியீடுகள், அவற்றை எங்கும் சேர்க்க வேண்டாம்.

பழைய ரேடியோ:
12, 13-ஐ மட்டும் விட்டுவையுங்கள், அந்தக் கேட்டுக்கு வேலை இருக்கிறது. இப்போது எல்இடி லாட்ச்சின் வெளியீட்டிலேயே தொங்குகிறது. 5 வோல்ட்டில் 4011 சில மில்லிஆம்பியருக்கு மேல் தராது. வெளிச்சமும் குறையும், 3-ஆம் காலின் மின்னழுத்தமும் இறங்கும். 5 வோல்ட்டில் இந்த ஐசி 1 என்று உறுதியாக ஏற்க 3.5 வோல்ட்டாவது வேண்டும். டிடிஎல்லுக்கு 2 வோல்ட் போதும், அதனால் ஆய்வகத்தில் தப்பித்தீர்கள்.

12, 13 இரண்டையும் 4-ஆம் காலோடு சேருங்கள். 11-லிருந்து 10 கிலோ ஓம் வழியாக பிசி547 டிரான்சிஸ்டரின் பேஸுக்கு. எமிட்டர் கிரவுண்டில். 5 வோல்ட்டிலிருந்து 330 ஓம், எல்இடி, பிறகு கலெக்டர். தட்டையான முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர்.

மின்மினி:
எல்லாம் செய்தாயிற்று. நேற்று மாலை முழுக்க மிக்சி, கிரைண்டர், டியூப்லைட் எல்லாம் போட்டுப் பார்த்தேன், விளக்கு அசையவில்லை. வெளிச்சமும் அடுப்படியிலிருந்து தெரிகிறது. ஒன்றுதான் பாக்கி. கரண்ட் போய் வந்தால் சில நேரம் எரிந்தபடி வருகிறது. அம்மா பதறி ஓடுகிறார்.

ஆய்வக உதவியாளர்:
மின்சாரம் வரும் கணத்தில் லாட்ச் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாது. 5-ஆம் காலிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போடுங்கள், பிளஸ் முனை 5-இல். 10 கிலோ ஓம் வழியாக அது பாதிக்கு மேல் நிரம்ப ஏறத்தாழ பத்தில் ஒரு நொடி ஆகும். அதுவரை 5-ஆம் கால் கீழேயே இருந்து லாட்ச்சை அணைத்துவிடும். பாட்டி பக்கத்து 104 அதற்குள் எப்போதோ நிரம்பியிருக்கும். அம்மாவின் பொத்தானோடு தொடராக 100 ஓம் வையுங்கள், இல்லையென்றால் அழுத்தும்போதெல்லாம் கெப்பாசிட்டர் நேரடியாக ஷார்ட் ஆகிப் பொத்தானின் முனைகள் கெடும்.

மின்மினி:
போட்டேன். இருபது முறை மெயினை அணைத்துப் போட்டேன், ஒருமுறைகூட எரிந்து வரவில்லை. பாட்டி இன்று காலை தண்ணீர் கேட்டு அழுத்தினார், அம்மா உடனே போய்விட்டார். இரண்டு பேருக்கும் மிக்க நன்றி.